கைஃபெங்கில் மூன்றரை மணி நேரம்

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட எழுத்தர்
முப்பது நாள் கழித்து
இருவரும் சேர்ந்தே வரவேண்டும் என்றாள்.
சேர்ந்தே என்பதை இரண்டு முறை சொன்னாள்.

வெளியே அக்டோபர்.
தெருவெங்கும் தொட்டித் தொட்டியாய்ச் சாமந்தி,
யாருக்கோ கல்யாணம் போல.
என் ரயிலுக்கு இன்னும் மூன்றரை மணி நேரம்.
அவனுக்கு வேறு ரயில்,
பத்து நிமிடம் பின்னால்.

மூன்று சக்கர வண்டிக்காரி லூ
எங்களைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் என்றே நினைத்தாள்.
திருத்த மனமில்லை.
ஷௌஹெங் இந்த ஊரில் பிறந்தவன்.
ஆனாலும்
"இரும்புக் கோபுரம் ரொம்ப தூரமா?" என்று
வெளியூர்க்காரன் போலக் கேட்டான்.
பதினொரு வருடத்தில் அவன் சொன்ன பொய்களில்
எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

வழியெல்லாம் லூவுக்கு வாய் ஓயவில்லை.
இந்தத் தெருவுக்குக் கீழே ஒரு தெரு,
அதற்கும் கீழே ஒன்று,
ஆறு ஊர் அடுக்கி வைத்திருக்கிறது மஞ்சள் நதி.
வண்டல் வந்து மூடும்.
வடிந்ததும் இவர்கள் வந்து
அதே இடத்தில் கட்டுவார்கள்,
தெருவின் போக்குகூட மாறாமல்.
"வேற இடமா கிடைக்கல இவங்களுக்கு?"
என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள்.
பின்னிருக்கையில் யாரும் சிரிக்கவில்லை.
எங்கள் நடுவே
கோப்பு வைத்த துணிப்பை உட்கார்ந்திருந்தது,
கட்டணமில்லாத மூன்றாவது பயணி.

இரும்புக் கோபுரத்தில் இரும்பு இல்லை.
செங்கல். மெருகேற்றிய செங்கல்,
துருவின் நிறத்தில்.
ஒரு கல்லில் பறக்கும் பெண்ணுக்கு மூக்கு இல்லை,
பறப்பதில் குறையில்லை.
அடிப்பீடம் எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கிறதென்று
பலகையில் எழுதியிருந்தது.
அவன் படித்தான். நான் படிக்கவில்லை.

உள்ளே படிக்கட்டு ஓர் ஆள் அகலம்.
பாதி ஏறியபோது
மேலிருந்து ஒரு பள்ளிக்கூடமே இறங்கி வந்தது.
ஜன்னல் மாடத்துக்குள் ஒடுங்கினோம்
இருவரும், பல மாதங்களுக்குப் பிறகு
ஒரே இடத்தில்.
அவன் மூச்சில் இஞ்சி.
சட்டைப் பித்தான் ஒன்று அறுந்திருந்தது,
அது என் வேலை இல்லை என்று
எனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.
இருபத்து மூன்று பிள்ளைகள் கடந்தார்கள்,
எண்ணினேன், வேறெங்கும் பார்க்க முடியாமல்.
கடைசிச் சிறுமி நின்று சொன்னாள்:
"மேலே ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி. ஒரு ஜன்னல்தான்."

இருந்தும் ஏறினோம்.
ஒரு ஜன்னல்தான்.
சாம்பல் கூரைகள், ஏரியின் ஒரு துண்டு,
எங்கோ கொடியில் காயும் சிவப்புப் போர்வை.
"அதோ என் பள்ளிக்கூடம்" என்று விரல் நீட்டினான்,
வெளியூர்க்காரன் என்பதை மறந்து.
கல்யாணத்துக்கு முன்பும்
இதே விரலை இதே திசையில் நீட்டியிருக்கிறான்.
அப்போது எனக்குத் தெரிந்த மாதிரி நடித்தேன்.
இன்று எந்தக் கூரை என்று கேட்டேன்.
மரத்துக்கு வலப்பக்கம், பச்சைக் கம்பி வேலி.
தெரிந்தது.

சியாங்குவோ கோயிலில்
ஒற்றை மரத்தில் கடைந்த குவான்யின்,
ஆயிரம் கை, கைக்கொரு கண்.
அவன் இடமாகச் சுற்றினான், நான் வலமாக.
சுற்றுக்கு இருமுறை எதிர்ப்பட்டு
பக்கத்து வீட்டுக்காரர்கள் போலத் தலையசைத்தோம்.
என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை.
ஒரு கையில் தாமரை, ஒன்றில் மணி,
ஒன்றில் என்னவென்று புரியாத ஏதோ.
ஒன்றிலும் பேனா இல்லை.

ஊதுபத்திச் சாம்பல் விழுந்த தோளைத் தட்டிவிட
எழுந்த கை
பாதியில் பைக்குத் திரும்பியது.
யாருடைய கை என்று சொல்லமாட்டேன்.

ரயில் நிலையத்தில் லூ அட்டை நீட்டினாள்.
"அடுத்த மாசம் வாங்க, சாமந்தி முடிஞ்சிருக்கும்,
கூட்டமும் இருக்காது, நிதானமாப் பாக்கலாம்."
"வருவோம்" என்றான் ஷௌஹெங்.

பொய்யில்லை.
சேர்ந்தேதான் வரச் சொல்லியிருக்கிறார்கள்.